ஐந்தரை மணிக்குத் திறந்த கதவு

போன மாதம் நம் இளைஞர் பகுதி அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, இதழுக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். நேரமே இல்லக்கா என்று உடனே பதில் போட்டுவிட்டேன். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் என்ஜினியரிங், ரெண்டு லேப் ரிப்போர்ட், ஒரு குரூப் அசைன்மெண்ட். இதில் கட்டுரை வேறயா? பதிலை அனுப்பிவிட்டு அப்படியே கட்டிலில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அன்றிரவு போனே ஒரு கணக்கைக் காட்டியது. அந்த வாரம் நான் அதைப் பார்த்தது ஒரு நாளைக்குச் சராசரி 4 மணி 10 நிமிடம். யாரும் பார்க்காதபோதே வெட்கமாக இருந்தது.

அதே வாரம் அதிர்வியல் வகுப்பு. விரிவுரையாளர் ஒரு வட்டமான சவ்வைத் திரையில் காட்டி, அதை இறுக்கிக் கட்டித் தட்டினால் எப்படி அதிரும் என்று விளக்கினார். கம்பி என்றால் அடிப்படை அதிர்வெண், அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று முழு எண்களாகத் துணை ஒலிகள் சேர்ந்து வரும். அதனால்தான் வயலினும் வீணையும் காதுக்கு இனிமை. சவ்வுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் துணை ஒலிகள் 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத கணக்கில் வரும். ஆகவே தோல் கருவியில் தெளிவான சுருதி கிடைக்காது என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. 9 வயதிலிருந்து படிவம் 5 முடியும் வரை நான் கோயில் வகுப்பில் மிருதங்கம் படித்தவன். வலந்தலையின் ஓரத்தைக் கல்லால் தட்டித் தட்டித் தம்பூராவோடு சுருதி சேர்த்த கை இது. சேராது என்றால் எட்டு வருஷம் நான் எதைச் சேர்த்தேன்? கை தூக்கிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் கோமுட்டர் ரயிலில் தேடிப் பார்த்தேன். நூறு ஆண்டுக்கு முன்பே, 1920-இல், இதே கேள்விக்கு விடை எழுதியிருந்தார் ஒருவர். சர் சி. வி. ராமன்.

ராமனை நமக்கெல்லாம் தெரியும். தலைப்பாகை கட்டிய படம், ராமன் விளைவு, நோபல் பரிசு. தமிழ்ப்பள்ளிப் புதிர்ப் போட்டியில் தவறாமல் வருவார். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. அவர் இசைக்கருவிகளை ஆராயத் தொடங்கியபோது விஞ்ஞானி வேலையில் இல்லை. கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரி. ஆராய்ச்சியெல்லாம் ஆபீஸ் நேரத்துக்கு வெளியே. அப்புறம்தான் அக்காவுக்குத் திரும்பச் செய்தி போட்டேன், எழுதித் தருகிறேன் என்று.

ராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், அம்மா பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்ததால் சிறுவயது அங்கேதான். 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டார். (நான் 11 வயதில் யூபிஎஸ்ஆர் டியூஷனுக்கு அழுதுகொண்டே போய்க்கொண்டிருந்தேன்.) சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. படிக்கும்போதே ஒளி பற்றி ஒரு கட்டுரை எழுதி, 1906-இல் லண்டனின் பிலாசபிக்கல் மேகசினில் அது வெளிவந்தது. அப்போது வயது 18.

இப்படிப்பட்ட பையனுக்கு அடுத்து என்ன? இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்குப் போயிருக்கணும். ஆனால் உடம்பு மிகவும் மெலிந்தது, அந்தக் குளிரைத் தாங்காது என்று அரசு மருத்துவர் தடுத்துவிட்டார். அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியையே பிழைப்பாக நடத்த வழி கிடையாது. குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டும். ஆகவே நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடத்தில் தேறினார். அதே 1907-இல் லோகசுந்தரி அம்மையாரைத் திருமணம் செய்துகொண்டு, துணைத் தலைமைக் கணக்கராகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். நம்மில் நிறைய பேருக்கு இந்தத் திருப்பம் தெரிந்ததுதான். பிடித்தது ஒன்று, சம்பளம் கொடுப்பது இன்னொன்று. பாடப் பிடித்த என் நண்பன் ஒருவன் இப்போது அக்கவுண்ட்ஸ் படிக்கிறான். பாட்டைப் பற்றிக் கேட்டால், வேலை கிடைத்து செட்டில் ஆனதும் பார்க்கலாம் என்கிறான். நானும் மிருதங்கத்தைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ராமனும் அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. 18 வயதில் நல்ல உத்தியோகம், புதுக் குடித்தனம், மொழி தெரியாத ஊர்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில், டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் ஊரெல்லாம் நன்கொடை திரட்டித் தொடங்கியது. இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்பது அவர் ஆசை. கூடம் இருந்தது, கருவிகள் இருந்தன, விரிவுரைகளும் நடந்தன. சொந்தமாக ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. அந்த ஏக்கத்தோடே அவர் 1904-இல் காலமாகிவிட்டார். மூன்று வருஷம் கழித்து ராமன் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கே உதவியாளராக இருந்த ஆசுதோஷ் டே. உள்ளே செயலாளர் நாற்காலியில் மகேந்திரலாலின் மகன் அமிர்தலால். மாலையிலும் காலையிலும் வந்து இங்கே வேலை செய்யலாமா என்று இந்தக் கணக்கு அதிகாரி கேட்டதும், அமிர்தலால் மகிழ்ந்துபோய் இடத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது? விடியற்காலை ஐந்தரைக்குக் கழகத்தில் இருப்பார். பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது வீட்டுக்கு ஓடி வந்து, குளித்து, அவசரமாகச் சாப்பிட்டு ஆபீஸ். மாலை 5 மணிக்கு ஆபீசிலிருந்து நேரே மறுபடி கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேதான்.

நான் என்ஜினியரிங் மாணவன், கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? காலையில் 4 மணி 15 நிமிடம், மாலையில் நாலரை மணி. மொத்தம் எட்டே முக்கால் மணி நேரம். ஒரு முழு நேர வேலைக்கு மேலே இன்னொரு முழு நேர வேலை. காலைப் பங்கு மட்டும் என் போன் சராசரியைவிட 5 நிமிடம் அதிகம்.

ஒரு மாதம் இரண்டு மாதம் என்றால் ஆர்வக்கோளாறு என்று விட்டுவிடலாம். இது 10 வருஷம் நடந்தது. நடுவில் ஆபீசும் அவரைச் சும்மா விடவில்லை. 1909-இல் ரங்கூனுக்கு மாற்றினார்கள், 1910-இல் நாக்பூருக்கு. கழகம் இல்லாத ஊர்களிலும் வீட்டிலேயே சோதனைகளைத் தொடர்ந்தார். 1911-இல் கல்கத்தா திரும்பியதும் கழகத்தை ஒட்டியே வீடு பார்த்து, ஆய்வுக்கூடத்துக்குள் நேரே நுழைய ஒரு கதவும் வைத்துக்கொண்டார். போக்குவரத்து நேரம் மிச்சம்! அதே நேரத்தில் ஆபீஸ் வேலையில் ஓட்டை விடவில்லை. மிகத் திறமையான அதிகாரி என்றே பெயர் எடுத்தார். அந்தப் பத்து வருஷத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்தன.

பெரிய கருவி வாங்கப் பணம் இல்லாததால் கையில் கிடைத்ததை ஆராய்ந்தார். ஏக்தாரா என்ற ஒற்றைக் கம்பிக் கருவி, வயலின், வீணை, தம்பூரா. வயலினில் வில்லை அசையாமல் நிறுத்தி, வயலினையே முன்னும் பின்னும் நகர்த்தும் ஓர் இயந்திரத்தைக்கூடச் செய்தார். மனுசன் கை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் தராது, இயந்திரம் தரும். தம்பூராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் ஒரு நூலை வைப்பார்களே, ஜீவா என்போம், அது ஏன் ஒலியை அப்படிப் பொங்க வைக்கிறது என்றும் எழுதினார்.

பிறகு மிருதங்கம். 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக. வலந்தலையின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்குமே, சோறு என்றும் கரணை என்றும் சொல்வோம், ரகசியம் அதில்தான். சாதத்தையும் ஒருவகைக் கல்பொடியையும் குழைத்து, நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிதாகவும் பூசுகிறார்கள். அந்த எடை சவ்வின் அதிர்வை மாற்றுகிறது. 1.59 என்று நொண்டிய ஒலி 2 ஆகிறது. அடுத்தவை இழுபட்டு 3, 4, 5 என்ற இடங்களில் வந்து உட்காருகின்றன. தோல்மேல் மணலைத் தூவித் தட்டி, மணல் எங்கெங்கே கோடாக ஒதுங்குகிறது என்று பார்த்து இதைக் காட்டினார். சமன்பாடு எழுதத் தெரியாத நம் முன்னோர் கைப்பக்குவத்தில் கண்டுபிடித்த ஒன்றை, அவர் உலகத்துக்கு எண்ணில் சொல்லிக் கொடுத்தார். ரயிலில் இதைப் படித்தபோது நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியில் சேர்ந்தார். அரசாங்கச் சம்பளத்தோடு பார்த்தால் ஏறக்குறைய பாதிதான். நிதித்துறையில் இன்னும் மேலே போயிருப்பார். ஓய்வூதியம், பங்களா எல்லாம் காத்திருந்தன. அதை விட்டுவிட்டு வந்தார். இதைப் பெரிய தியாகமாக மேடையில் பேசுவார்கள். எனக்கு என்னவோ அந்தப் பத்து வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது. முடிவெடுப்பது ஒரு நாள் வேலை. ஐந்தரைக்கு எழுந்து போவது தினசரி வேலை.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்கிறேன். 1921-இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்காக முதல் தடவை கப்பல் ஏறினார். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவர், அங்கே சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்பதைப் பார்த்து அதையும் ஆராய்ந்து எழுதிவிட்டார். நர்குண்டா கப்பலில் திரும்பும்போது மற்றவர்கள் மேல்தளத்தில் ஓய்வெடுக்க, இவர் பையில் இருந்த சின்னப் பட்டகத்தை எடுத்துக் கடலைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்புதான் கடல் நீலம் என்று அறிஞர்களே நம்பிய காலம். பிரதிபலிப்பைப் பட்டகத்தால் மறைத்துப் பார்த்தாலும் கடல் நீலமாகவே இருந்தது. அப்படியானால் தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கும்போதே அதற்கான கட்டுரை தயார்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஏழு வருஷம். வத்திராயிருப்பிலிருந்து வந்த கே. எஸ். கிருஷ்ணன் போன்ற மாணவர்கள் உடன் உழைத்தார்கள். 1928 பிப்ரவரி 28-இல், சிதறும் ஒளியில் ஒரு பகுதி தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது என்பது உறுதியானது. அதுவும் அதே பௌபஜார் கழகத்தில். 1930-இல் நோபல் பரிசு. அறிவியலில் அதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான். எங்கள் வளாகத்தின் மெட்டீரியல்ஸ் லேபில் ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒட்டிய ஒரு பெட்டி இருக்கிறது. அதைக் கடந்து கேன்டீனுக்குப் போகும்போது இப்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். கதவு திறந்துவிட்ட ஆசுதோஷ் டேயையும் மறக்கக் கூடாது. பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத அவர் இருபது வருஷத்துக்கும் மேலாக ராமனின் வலதுகையாக இருந்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தம் பெயரில் தனியாக ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

குறையே இல்லாதவர் என்று எழுதினால் அது பொய். 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். அதே வருஷம் கமலா சோஹோனி என்ற மாணவி விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காக மறுத்தார். அவர் விடாமல் போராடிய பிறகு, ஒரு வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்ற நிபந்தனையோடுதான் சேர்த்துக்கொண்டார். கமலா பின்னாளில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். உழைப்பால் கதவைத் திறந்துகொண்டு போன ஒருவர், இன்னொருவருக்கு அதே கதவை மூடப் பார்த்தார். இதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதன்பின் பெண்களைச் சேர்த்துக்கொண்டார், அன்னா மணி போன்றவர்கள் அவரிடம் ஆராய்ச்சி செய்தார்கள் என்பதும் உண்மை.

இன்னொன்று, இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது ஓடி வந்து சாப்பிட்டார் என்கிறோமே, அந்தச் சாப்பாடு எப்படி வந்தது? லோகசுந்தரி அம்மையார். கல்யாணத்தின்போது அவர் சிறு பெண். வீணை வாசிப்பார், அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் ராமனுக்குப் பிடித்துப்போனது என்று சொல்வார்கள். தெரியாத ஊரில், தெரியாத மொழியில், ஒன்பதரை மணிக்குள் சமையல் முடித்து, பிறகு இரவு பத்து வரை காத்திருந்தவர். ராமனுடைய எட்டே முக்கால் மணி நேரத்தில் அவர் பங்கும் இருக்கிறது.

இதை எழுதும்போது அம்மா ஞாபகம் வந்தது. எங்கம்மா ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட். நாலரைக்கு எழுந்து எனக்கும் தங்கைக்கும் சோறு கட்டி வைத்துவிட்டு, ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறுவார். நேரமே இல்லை என்று நான் அலுத்துக்கொண்டதெல்லாம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே.

ராமன் 1948-இல் பெங்களூரில் தம் பெயரிலேயே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கி, கடைசிவரை அங்கேயே வேலை பார்த்தார். வைரம், ரத்தினக் கற்கள், வண்ணத்துப்பூச்சி என்று சேர்த்து வைத்தார், ரோஜா வளர்த்தார். அந்த வண்ணங்களையும் ஆராய்ந்தார். அவருக்குப் பொழுதுபோக்கு எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்கியது என்று பிரிக்கவே முடியாது. 1970 நவம்பர் 21-இல் காலமானார். சடங்கு எதுவும் இல்லாமல் நிறுவனத்துத் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அந்த இடத்தில் இன்று ஒரு மரம் நிற்கிறது.

போன சனிக்கிழமை கட்டிலுக்கு அடியிலிருந்து மிருதங்கத்தை இழுத்தேன். நம் ஊர் ஈரத்துக்கு வலந்தலைத் தோல் தொய்ந்து, கரணை பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் பழுது பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வேறொரு மிருதங்கத்துக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பூச்சு, பிறகு வழவழப்பான கல்லால் தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. எப்போது போதும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் விரலால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து, தலையை ஆட்டிவிட்டு இன்னொரு பூச்சு வைத்தார். ராமனின் எண்களை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இரண்டு வாரம் ஆகுமாம். பிளாட் வீட்டில் விடியற்காலை வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் கோயில் மண்டபத்தில் வாசிக்கலாமா என்று ஐயரைக் கேட்டேன். செவ்வாயும் வெள்ளியும் ஐந்தரைக்குக் கதவு திறப்பாராம். ஆறரைக்கு அபிஷேகச் சாமான் எடுத்து வைக்கணும், அதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்றார். அந்த ரெண்டு நாளும் சோறு நானே ராத்திரி ஆக்கி வைப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உப்புப் பார்த்துப் போடு என்று மட்டும் சொன்னார்.